எஞ்சினியருக்கென்று நீ அனுப்பிய பணம்

அன்புக் கண்ணுவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் கைகால் சுகத்தோடு நன்றாகத்தான் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் எங்களுக்கு முதல் நினைப்பு. கவரின் பின்னால் உள்ள முகவரியைப் பார்த்ததும் உன் புருவம் நெளிந்திருக்கும், அதற்காகப் பாதியில் போனை எடுக்காதே, முழுதும் படித்துவிட்டுப் பேசு. புது வீட்டில் நாங்கள் இப்போது இல்லை. ஒரு தையல் கடைக்கு மேலே இரண்டு அறை வாடகைக்கு எடுத்திருக்கிறோம், ஒரே ஒரு குழாய், பதினெட்டுப் படி, ஏறி முடிப்பதற்குள் என் முட்டி என்னைப் பேர் சொல்லித் திட்டுகிறது. கீழே நாள் முழுக்க மிஷின் ஓடுகிறது. உனக்குத் தொந்தரவாக இல்லையா என்று உன் அம்மாவைக் கேட்டேன், எங்கேர்ந்து வருதுன்னு தெரியற சத்தம் எதுவா இருந்தாலும் தேவலைங்க என்றாள். குட்டிக்கு முன்பல் ஆடுகிறது என்று சொன்னாய், நூலைக் கட்டி இழுக்கிற வேலையெல்லாம் வேண்டாம், தானாக விழட்டும். மாப்பிள்ளை வண்டி ஓட்டும்போது போன் பேசுவதை விட்டாரா, நான் கேட்டதாகச் சொல்லாதே, நீயே கேட்பது போலக் கேள்.

போன மாதம் நீ ஒரு கேள்வி கேட்டிருந்தாய். அங்கே நீங்கள் இடம் வாங்கி வீடு கட்டப் போகிறீர்கள், கட்டுமானக் கணக்குப் போடுகிற எஞ்சினியர் ஒருவரை வைக்க அவ்வளவு பணம் கேட்கிறார்கள், மாப்பிள்ளை அது வீண்செலவோ என்று யோசிக்கிறார், நம்ம வீட்டுக்கு வந்த எஞ்சினியர் அம்மா அந்தப் பணத்துக்கு என்னதான் செய்தார், எத்தனை தடவை வந்தார், கொடுத்ததற்குத் தகுந்ததாக இருந்ததா, அப்பா சொன்னால் அவர் கேட்பார் என்று எழுதியிருந்தாய். இதற்குப் பதில் சொல்ல எனக்கு முப்பத்தைந்து நாள் ஆகியிருக்கிறது. போனிலேயே சொல்லிவிடலாம் என்று பார்த்தேன், உன் அம்மா விடவில்லை, போன்ல சொன்னா பாதியை முழுங்கிடுவீங்க, பேப்பர்ல எழுதுங்க, உங்க கையெழுத்துலயே எழுதுங்க என்று சொல்லிவிட்டாள். சொல்லிவிடுகிறேன் கண்ணு. நம்ம வீடு கட்டும்போது எந்த எஞ்சினியரும் வரவில்லை. நீ அதற்கென்று தனியாக அனுப்பிய பணத்தில் ஒரு காசு கூட அந்தம்மாவுக்குப் போகவில்லை. வந்தார், பார்த்தார், எல்லாம் சரி என்றார் என்று நான் உன்னிடம் சொன்னதெல்லாம் பொய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் உன் அப்பா.

அந்தம்மாவைப் போய்ப் பார்த்தது மட்டும் உண்மை. ஜெராக்ஸ் கடை மாடியில் சின்ன ஆபீஸ், மேசை மேல் காகிதம் பறக்காமல் இருக்க உருளை உருளையாக சிமெண்ட் கட்டிகள், சுவர் ஓரம் வரிசையாக ஊறுகாய் ஜாடி மாதிரி கண்ணாடி ஜாடிகள், உள்ளே ஊறுகாய் இல்லை, மண், ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. ஐம்பது வயது இருக்கும், மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அதையே தேடுகிற ரகம். மண்ணைத் துளை போட்டுப் பார்க்க இவ்வளவு, கணக்குப் போட்டு வரைபடம் தர இவ்வளவு, அஸ்திவாரம், பில்லர், மேல்தளம் என்று மூன்று கட்டத்தில் நேரில் வந்து பார்க்க இவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். கூட்டிப் பார்த்தால் நம்ம வாசல் கதவும் முன்பக்கத்து இரண்டு ஜன்னலும் செய்ய ஆசாரி கேட்ட தொகை அச்சு அசலாக அதேதான். கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், மண்ணைப் பார்க்கிற வேலையை விட்டுவிடலாமே, நல்ல செம்மண், நானே பார்த்தேன் என்றேன். சார், நீங்க பார்த்தது மேல் மண்ணு, வீடு நிக்கப் போறது கீழ் மண்ணு மேல என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். முப்பது வருஷம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்தவன் நான், எத்தனை ஆயிரம் வீட்டுக்குள் நுழைந்திருப்பேன், எனக்கு வீட்டைப் பற்றி ஒரு பெண்பிள்ளை சொல்லித் தர வேண்டுமா என்று ஒரு திமிர். மேஸ்திரியிடம் கேட்டேன், நான் கட்டின நூறு வீட்ல ஒண்ணாவது விழுந்திருக்கா சார், அவங்க பேப்பர்ல கோடு போடுவாங்க, நாங்க தரையில போடறோம், அவ்வளவுதான் வித்தியாசம் என்றார். அந்தச் சொல் எனக்கு வெல்லமாக இனித்தது. ஆசாரிக்கு அன்றைக்கே முன்பணம் கொடுத்தேன். மேஸ்திரி நோட்டில் கிறுக்கிய படத்தைப் போட்டோ எடுத்து எஞ்சினியர் வரைபடம் என்று உனக்கு அனுப்பினேன், நீயும் சூப்பர் அப்பா என்று பதில் போட்டாய். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று உனக்குச் சின்ன வயசில் நான்தான் சொல்லிக் கொடுத்தேன், நானே வீட்டை அளக்காமல் போட்டேன்.

குடிவந்து இரண்டு மாதம் நன்றாகத்தான் இருந்தது. மூன்றாவது மாதம் உன் அம்மா ஒரு நாள் மத்தியானம் சமையலறைப் பின்கதவைத் திறந்து வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். என்ன என்றேன். ஏதோ குழந்தை அழுதுதுங்க என்றாள். பக்கத்து வீட்டில் இருக்கும் என்றேன். பக்கத்து வீட்டில் குழந்தை கிடையாது, அது அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை. மறுநாளும் அதே நேரம் போய் நின்றாள், அதற்கு அடுத்த நாளும். பூனை என்றேன். தண்ணீர்க் குழாயில் காற்று அடைத்தால் இப்படித்தான் என்றேன், எதையாவது சொன்னேன். அவள் ஒன்றும் மறுத்துப் பேசவில்லை. சத்தம் எப்படி இருக்கிறது என்று நானும் கேட்கவில்லை, அவளாகத்தான் ஒரு நாள் சொன்னாள். ஓவென்று அழுவதில்லை, அடிபட்டு அழுது ஓய்ந்த பிள்ளை தூங்குவதற்கு முன்னால் மூச்சை இழுத்து இழுத்து விசும்புமே, அது மாதிரி, இரண்டு தடவை, சில நாள் மூன்று தடவை, அப்புறம் பெரிதாக ஒரு மூச்சு விட்டுவிட்டு அடங்கிவிடும். பின்னாலிருந்து வரவில்லை, பக்கத்திலிருந்தும் வரவில்லை, நம்ம சாமான் அறையில், தையல் மிஷின் வைத்திருக்கும் மூலையில், தரைக்குக் கீழே இருந்து வருகிறது. இதைச் சொல்லும்போது அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், கை நிற்கவே இல்லை.

அதற்குப் பிறகு இரண்டு மணி ஆனால் அவள் எங்கே இருந்தாலும் எழுந்து போய் அந்த மூலையில் தரையில் ஒருக்களித்துப் படுத்துக்கொள்வாள், காதைத் தரையில் ஒட்டி வைத்துக்கொண்டு. ஒரு நாள் நான் கதவோரமாகப் போய் நின்றேன். இரும்மா, இரும்மா, இங்கதான் இருக்கேன் என்று தரையிடம் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், கையால் தரையைத் தட்டிக் கொடுத்துக்கொண்டு, உன்னைத் தூங்க வைக்கும்போது தட்டுவாளே அதே தாளத்தில். எனக்கு உன் அம்மாவிடம் பயம் வந்தது அன்றைக்குத்தான். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் அவள் கோபத்துக்குப் பயந்திருக்கிறேன், மௌனத்துக்குப் பயந்திருக்கிறேன், அவளுக்கே பயந்தது அன்றுதான். அவளை டாக்டரிடம் கூட்டிப் போனேன். எல்லாவற்றையும் நானே சொன்னேன், அவளைப் பேச விடவில்லை. பிள்ளைகள் தூரத்தில் போய்விட்டால் இந்த வயதில் சிலருக்கு இப்படி வரும் என்று சொல்லி மத்தியானம் ஒன்று, படுக்கும்போது ஒன்று என்று மாத்திரை எழுதினார். மத்தியான மாத்திரை போட்டால் ஒரு மணிக்கெல்லாம் கண் செருகி நாலு மணி வரை அடித்துப்போட்டாற்போலத் தூங்குவாள். அம்மா ஏன் மந்தமாகப் பேசுகிறாள் என்று நீ அப்போது கேட்டாய். வெயில் என்றேன். அதுவும் பொய்.

இதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை, எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். உன் அம்மா என்ன எழுதியிருக்கிறேன் என்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

கண்ணு, அந்தச் சத்தத்தை நானும் கேட்டேன். அவள் மாத்திரை போட்டுத் தூங்க ஆரம்பித்த இரண்டாம் வாரம். மாடித் தொட்டிக்கு மோட்டார் போட்டிருந்தேன், நிரம்பி வழிந்ததும் நிறுத்திவிட்டு, சாமான் அறையில் ஸ்க்ரூ டிரைவர் தேடிக்கொண்டிருந்தேன். வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது. காலுக்குக் கீழே ஒரு குழந்தை விசும்பியது. நான் அசையவில்லை. மறுபடியும் விசும்பியது, உன் அம்மா சொன்னாளே அதே மாதிரி, ஒரு இம்மி கூட மாறாமல். நானும் அதே இடத்தில் படுத்துக் காதை வைத்தேன். மூன்றாவது தடவை வந்தபோது காதில் மட்டும் இல்லை, கன்னத்திலும் தெரிந்தது, தரை லேசாக நடுங்கியது. அப்புறம் அந்தப் பெரிய மூச்சு. நாலு மணிக்கு உன் அம்மா எழுந்து வந்து, முகம் கூடக் கழுவாமல், இன்னைக்குக் கேட்டுச்சாங்க என்றாள். இல்லையே என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டு, சரியாயிட்டு வருதுபோல என்று சொல்லி டீ போடப் போனாள். இப்படி இருபத்து மூன்று நாள். தினமும் நான் தரையில் படுத்துக் கேட்டேன், தினமும் அவளிடம் இல்லை என்றேன்.

ஏன் அப்படிச் செய்தாய் என்று நீ கேட்பாய். சத்தம் இருக்கிறது என்று ஒத்துக்கொண்டால் கீழே என்னவோ இருக்கிறது என்று ஆகிவிடும். கீழே இருந்தால் யாராவது வந்து பார்க்க வேண்டும். வந்து பார்க்கிறவர் முதலில் கேட்கிற கேள்வி மண்ணைச் சோதித்தீர்களா, எந்த எஞ்சினியர் என்பதுதான். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து, கண்ணு, கட்டினவளைப் பைத்தியம் என்று நினைக்க விட்டேன், அவளையே அவள் அப்படி நினைத்துக்கொள்ள விட்டேன். அதற்குள் சாமான் அறைக் கதவு நிலைக்கு மேலே முடி மாதிரி ஒரு விரிசல் வந்திருந்தது, பட்டி பூசி பெயிண்ட் அடித்தேன், பத்து நாளில் அதே கோட்டில் திரும்ப வந்தது, மறுபடி பூசினேன். கதவு பிடித்தது, இழைத்தேன். பேனாவை அந்த அறை மேசையில் வைத்தால் உருண்டுபோய் எப்போதும் ஒரே மூலையில் நின்றது, பேனாவை மேசையில் வைப்பதை விட்டுவிட்டேன்.

உன் அம்மா என்னைவிடக் கெட்டிக்காரி, அது உனக்கே தெரியும். ஏதோ ரசீது தேடி என் பைலைத் திறந்தவள் அந்த எஞ்சினியர் அம்மா எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்திருக்கிறாள். தொகை எழுதின தாள் இருக்கிறது, பணம் கட்டின ரசீது இல்லை, கையெழுத்துப் போட்ட வரைபடம் இல்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு வாரம் மத்தியான மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு, நான் அந்தப் பக்கம் திரும்பியதும் துப்பி, நூல்கண்டு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள், கண்ணை மூடித் தூங்குகிற மாதிரி படுத்துக்கொண்டிருக்கிறாள். அப்படியென்றால் என்ன அர்த்தம் என்று உனக்கே புரியும். நான் எழுந்து போவதும், சாமான் அறைத் தரையில் படுப்பதும், நாலு மணிக்கு இல்லை என்று சொல்வதும் ஏழு நாள் அவளுக்குத் தெரிந்தே நடந்திருக்கிறது. எட்டாம் நாள் பஸ் ஏறித் தனியாகப் போய் அந்தம்மாவைப் பார்த்துவிட்டு வந்தாள். மறுநாள் காலை பத்து மணிக்கு வாசலில் ஸ்கூட்டர் நின்றது. நான்தான் கதவைத் திறந்தேன், அந்த விலையுயர்ந்த கதவை. எஞ்சினியர் அம்மா கதவைத் தடவிப் பார்த்து, நல்ல மரம் சார் என்றார். குத்திக் காட்டினாரா, நிஜமாகவே சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

உள்ளே வந்து அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, உன் அம்மாவிடம்தான் கேட்டார். எந்த நேரத்துல வருதும்மா, எந்த மூலையில, மோட்டார் போடறதுக்கு முன்னாடியா பின்னாடியா, தொட்டி வழிஞ்சு எவ்வளவு நேரத்துல, மழை பெஞ்ச நாள்ல கூடுதலா குறைவா. ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார். இத்தனை மாதத்தில் அவளிடம் இப்படி யாரும் கேட்டதில்லை. பதில் சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டாள், அந்தம்மா பேனாவை மூடிவிட்டு அவள் முடிக்கும்வரை காத்திருந்தார். அப்புறம் நான் பூசிய இடத்தையெல்லாம் நகத்தால் சுரண்டி விரிசலை வெளியே எடுத்தார், என் திருட்டுத்தனம் பொலபொலவென்று தரையில் உதிர்ந்தது. மைக்ராஸ்கோப்புக்கு வைப்பார்களே அது மாதிரி மெல்லிய கண்ணாடித் துண்டுகளை விரிசலுக்குக் குறுக்கே பசை வைத்து ஒட்டினார், ஏழு இடத்தில். ஒவ்வொன்றின் பக்கத்திலும் பென்சிலால் தேதியும் நேரமும். எதற்கு என்றேன். சுவர் அசைஞ்சா நமக்குத் தெரியாது சார், பூச்சு வளைஞ்சு கொடுத்து மறைச்சிடும். கண்ணாடிக்கு வளையத் தெரியாது, உடையத்தான் தெரியும் என்றார்.

பசை காயும்வரை இருந்து, இரண்டு மணிக்கு மோட்டாரைப் போடச் சொன்னார். தொட்டி நிரம்பினா எவ்வளவு தண்ணின்னு நினைக்கறீங்க, ரெண்டு டன், ஒரு சின்ன யானையைத் தினமும் இதே நேரத்துல இந்த மூலை மேல ஏத்தி நிறுத்தறீங்க என்றார். தண்ணீர் வழிகிற சத்தம் கேட்டதும் நிறுத்தினேன். மூன்று பேரும் சாமான் அறையில் நின்றோம். வெளியே நல்ல வெயில், ஜன்னல் வழியாகத் தெருவில் யாரோ சைக்கிளில் போவது தெரிந்தது, எல்லாம் அவ்வளவு சாதாரணமாக இருந்தது. காலடியில் குழந்தை விசும்பியது. அந்தம்மா முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன், அதில் ரத்தம் வற்றிப்போனதைக் கண்ணால் பார்த்தேன். இரண்டாவது விசும்பல் வந்தபோது நிலைக்கு மேலே இருந்த கண்ணாடி டிக் என்றது. அப்புறம் ஜன்னல் பக்கத்தில் ஒன்று டிக். பெரிய மூச்சு வரும்போது இன்னும் இரண்டு. வரிசையாக, யாரோ விரலால் சுண்டிக்கொண்டே சுவரில் நடந்து போவது மாதிரி. அந்தம்மா சத்தம் போடவே இல்லை, மிக மெதுவாக, அடுப்பு எரியுதா, அணைச்சிடுங்க, செருப்பைப் போட்டுக்கிட்டு வெளிய வாங்க, வேற ஒண்ணும் எடுக்க வேண்டாம் என்றார். தெருவில் நின்ற பிறகு தொட்டியைக் காலி பண்ணுகிற குழாயை அவரே திறந்துவிட்டார். உன் அம்மா மட்டும் திரும்பத் திரும்ப, நீங்களும் கேட்டீங்கல்ல, நீங்களும் கேட்டீங்கல்ல என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டேம்மா, நல்லாக் கேட்டேன் என்று அவர் ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னார்.

அன்றிரவு லாட்ஜில் தங்கினோம். மறுநாள் மூன்று ஆட்கள் வந்து பின்சுவரை ஒட்டி மண்ணைத் துளைத்தார்கள், ஆள் உயரத்துக்கு மேல் திருகாணி மாதிரி ஒரு இரும்பு, குறுக்கே கம்பி கொடுத்து இரண்டு பேர் சுற்றிக்கொண்டே இறக்குவார்கள், அது மண்ணை அள்ளிக்கொண்டு மேலே வரும். ஆறடி வரை செம்மண், பார்க்க அழகாக, நான் பார்த்து மயங்கினேனே அதே மண். ஏழாவது அடியில் இரும்பு தானாக இறங்கியது, ஆட்கள் தடுமாறிப் போனார்கள். மேலே இழுத்தபோது மண்ணோடு முடி வந்தது. பொன் நிறத்தில், நீளமாக, திருகில் சுற்றிக்கொண்டு. சுற்றினவர் கையை உதறிக்கொண்டு பத்தடி தள்ளிப் போய் நின்றுவிட்டார். எஞ்சினியர் அம்மா குனிந்து எடுத்து விரலில் தேய்த்து, நைலான், பயப்படாதீங்க, இறக்குங்க என்றார். அடுத்த தடவை ஒரு சின்னக் கை வந்தது, ஐந்து விரலும் விரித்தபடி. அதற்கடுத்து முகங்கள். பொம்மைகள், கண்ணு. ரப்பர் பொம்மைகள், உள்ளே வெறும் கூடு, ஒன்றுக்கும் கண் வரையவில்லை, கண் இருக்க வேண்டிய இடத்தில் வழுவழுவென்று கன்னம் மாதிரியே இருந்தது. எட்டடி, பன்னிரண்டடி, பதினேழடி, இன்னும் பொம்மைதான். தார்ப்பாயில் பரப்பி வைத்தார்கள், வேலை செய்ய வந்தவர்கள் அந்த முகங்களையெல்லாம் தாங்களாகவே குப்புறத் திருப்பி வைத்தார்கள்.

அப்புறம்தான் கதை தெரிந்தது. நம்ம மனை இருக்கிற தெரு முழுவதும் ஒரு காலத்தில் செங்கல் சூளைக்கு மண் எடுத்த பெரிய குழி. சூளை மூடின பிறகு பக்கத்தில் இருந்த பொம்மைத் தொழிற்சாலைக்காரர்கள் கழித்துப்போட்டதையெல்லாம் லாரி லாரியாக அதில் கொட்டியிருக்கிறார்கள், அந்தத் தொழிற்சாலையும் மூடியது, யாரோ மேலே செம்மண் பரப்பி மனை போட்டு விற்றுவிட்டார். வயிற்றை அமுக்கினால் அழுகிற பொம்மை அது. மேலே எடை ஏறும்போதெல்லாம் கீழே ஒரு வரிசை நசுங்குகிறது, உள்ளே இருக்கிற காற்று தொண்டையில் வைத்த சின்ன ஊதல் வழியாக வெளியே வருகிறது. ஆட்களில் ஒருவர் விளையாட்டாக ஒன்றைக் கழுவி எடுத்து வயிற்றை அமுக்கினார். பகல் வெளிச்சத்தில் எல்லோர் நடுவிலும் அது விசும்பியது. யாரும் சிரிக்கவில்லை. இதேதான் என்றாள் உன் அம்மா. மேஸ்திரியும் வந்திருந்தார், அஸ்திவாரம் தோண்டறப்போ ரெண்டு கை வந்துது சார், உங்ககிட்டக் காட்டினேனே, ஏதோ குழந்தை தொலைச்சதுன்னு சொன்னீங்களே என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். காட்டினார். நான்தான் காலால் தள்ளிவிட்டேன்.

அப்போதுதான் உன் அம்மா என் பக்கம் திரும்பி, தெரிந்துகொண்டே, அத்தனை பேர் முன்னாலும், உங்களுக்கும் கேட்டுச்சா என்றாள். கேட்டது என்றேன். எத்தனை நாளா என்றாள். இருபத்து மூணு நாள் என்றேன், அதற்கு மேல் பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. அப்போ அந்த மாத்திரையை நீங்க போட்டிருக்கணும் என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அன்றிலிருந்து சாப்பிட வாங்க, சாவி எங்கே, மழை வருது என்று தேவைக்கு மட்டும் பேசுகிறாள். டாக்டரிடம் நானே தனியாகப் போய் நடந்ததைச் சொல்லி, அவள் மருந்துச் சீட்டைக் கிழித்துப் போடச் சொன்னேன். அவங்களைப் பேச விட்டிருக்கணும், தப்பு எனக்கும் உண்டு என்றார். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

வீட்டுக்கு என்ன வழி என்று எஞ்சினியர் அம்மாவிடம் கேட்டேன். மாடிப் பாரத்தை இறக்கிவிட்டு, குழிக்கு அடியில் கெட்டி மண் வரைக்கும் கான்கிரீட் கம்பங்களை இறக்கி, வீட்டை அதன் மேல் தாங்க வைக்கலாம், கட்டின செலவில் பாதி ஆகும், இல்லையென்றால் எல்லாவற்றையும் பிரித்துவிட வேண்டும் என்றார். எந்த வழி என்பதை நீ சொல், அது உன் பணம். அன்றைக்குப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று கேட்டேன். இந்த மனையை வாங்கின விலைக்கே திருப்பிக் கொடுங்கன்னு சொல்லியிருப்பேன் சார், என் பீஸை வாங்கிக்கிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன், கதை முடிஞ்சிருக்கும் என்றார். மாப்பிள்ளையிடம் இதை அப்படியே சொல். அந்தப் பணத்துக்கு எஞ்சினியர் என்ன செய்வார் என்று கேட்டாரல்லவா, சில சமயம் வேண்டாம் என்று ஒரு சொல் சொல்வார், அதற்குத்தான் அந்தப் பணம்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதுதான் என்னைத் தூங்க விடாமல் வைத்திருக்கிறது. பொம்மைகளைத் தார்ப்பாயில் பரப்பியிருந்தபோது தெருவே வந்து நின்று பார்த்தது. யாரும் இது என்ன என்று கேட்கவில்லை. அந்தப் பொம்மை விசும்பியபோது ஒருவர் கூடத் திடுக்கிடவில்லை. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. நாலு நாள் கழித்து எதிர்வீட்டு அம்மா இந்தப் பதினெட்டுப் படியும் ஏறி வந்தார், உன் அம்மாவை மட்டும் உள்ளே கூப்பிட்டு, உங்க வீட்ல ரெண்டு தடவையா மூணு தடவையா என்று கேட்டிருக்கிறார். அவர் போன மறுநாள் கோடி வீட்டுக்காரி. அப்புறம் ஒருவர் பின் ஒருவராக, யாரும் யாரையும் பார்க்காத நேரமாகப் பார்த்து வந்தார்கள். பன்னிரண்டு வீட்டில் எட்டு வீட்டில் கேட்கிறது கண்ணு. ஒரு வீட்டில் அந்த அறையைப் பூட்டி வைத்துவிட்டார்கள், கேட்டால் சாமான் என்கிறார்கள். ஒரு வீட்டில் புதிதாகக் கல்யாணம் ஆனவள் பிறந்த வீட்டுக்குப் போய்த் திரும்பவே இல்லை, ஏன் என்று புருஷனுக்கே தெரியாது. நம்ம பக்கத்து வீட்டு ரிட்டயர்டு வாத்தியார் தினமும் இரண்டு மணிக்கு ரேடியோவை அலற விடுவாரே, எத்தனை தடவை திட்டியிருக்கிறேன், அவருக்கும் கேட்டிருக்கிறது. எட்டு வீட்டுக்காரரும் நம்ம வீட்டில் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு, சுவருக்குச் சுவர் சாய்ந்து, வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறோம்.

இப்போது தெருக்காரர்கள் சேர்ந்து அந்த எஞ்சினியர் அம்மாவையே வைத்திருக்கிறார்கள், செலவைப் பங்கு போட்டுக்கொண்டார்கள், பேரம் பேச யாருக்கும் வாய் வரவில்லை. அவர் உன் அம்மாவையும் கூட அழைத்துப் போகிறார். கருவிக்குத் தெரியறதுக்கு முன்னாடி உங்க வீட்டம்மாவுக்குத் தெரியுது சார் என்கிறார். அவளும் காலையிலேயே தலை வாரிக்கொண்டு கிளம்பிவிடுகிறாள், ஒவ்வொரு வீடாகப் போய், எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு, தரையில் படுத்துக் காதை வைக்கிறாள், அந்தம்மா நோட்டோடு பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். நேற்று நானும் குடை பிடித்துக்கொண்டு கூடப் போனேன், வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. இதுவரை ஒரு சத்தமும் கேட்காத வீடு அது, எங்களுக்கு ஒண்ணும் இல்லைம்மா, சும்மா பார்த்துட்டுப் போங்க என்று வீட்டுக்காரர் சிரித்தார், பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். உன் அம்மா கூடத்தின் நடுவில் படுத்தாள். ரொம்ப நேரம் அசையாமல் இருந்தாள். எழுந்தபோது அவள் முகம் எனக்குப் பிடிக்கவில்லை. அழுகை இல்லீங்க என்றாள் எஞ்சினியர் அம்மாவிடம், ஆனா கீழ எல்லாம் மூச்சை அடக்கிக்கிட்டு இருக்கு. அந்தம்மா நோட்டில் ஒன்றும் எழுதவில்லை, பிள்ளைகளைப் பார்த்து, தட்டை அப்படியே வெச்சிட்டு எல்லாரும் செருப்புப் போட்டுக்கோங்க செல்லம் என்றார். அவர்கள் வெளியே வந்து இன்றோடு ஒரு நாள் ஆகிறது. வீடு நின்றுகொண்டுதான் இருக்கிறது. தெருவில் யாரும் அந்தப் பக்கம் நடப்பதில்லை.

விடுமுறைக்கு வரும்போது நேராக இந்த வாடகை இடத்துக்கு வா, குட்டியை அந்தத் தெருவுக்குக் கூட்டிப் போகவே கூடாது, பொம்மைகளைப் பற்றி அவளிடம் சொல்லவும் கூடாது. என்மேல் கோபம் இருந்தால் கோபமாகவே எழுது, நான் தாங்குவேன், ஆனால் உன் அம்மாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, அம்மா உன்னை நான் நம்புகிறேன் என்று முதல் வரியில் எழுது, அதை இந்த வீட்டில் யாரும் இன்னும் அவளிடம் சரியாகச் சொல்லவில்லை. நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், கெட்டியான மண்ணின் மேல், நூறு வருஷம் நிற்க வேண்டும். தலைதொட்டு ஆசி சொல்கிறேன்.

உன் பொய்க்கார அப்பா

இந்தக் கடிதத்தை மடிப்பதற்கு முன் உன் அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். முழுதும் படித்தாள். ஒரு இடத்தில் மட்டும் விரலை வைத்துத் திருத்தச் சொன்னாள், எட்டு வீடு இல்லைங்க, பன்னிரண்டும் என்று.